நெட்வொர்க் சுவிட்ச் இயங்குதள மேம்படுத்தல்: டர்பன் கிளை அலுவலகங்களுக்கான முழுமையான வழிகாட்டி

அலுவலகக் கணினிகளையும் போன்களையும் வயரால் இணைக்கும் சுவிட்சின் இயங்குதளத்தை மாற்றும் கட்டளை ஒரே வரிதான். தட்டி முடிக்க அரை நிமிடம் ஆகும். தட்டிய பின் சுவிட்ச் எழுந்து வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கான ஏற்பாட்டில்தான் மீதி வேலை முழுவதும் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் கட்டளைக்குக் கொஞ்ச இடமும், அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றுக்கு நிறைய இடமும் ஒதுக்கியிருக்கிறோம்.

உம்ஷ்லாங்கா, பைன்டவுன், சாட்ஸ்வர்த் பக்க அலுவலகங்களில் அதிகம் கண்ணில் படும் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9200, 9300 சுவிட்சுகளையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். மற்ற நிறுவனங்களின் சுவிட்சுகளைப் பற்றிக் கடைசிப் பக்கமாகக் கொஞ்சம் வரும். கட்டளைகளைத் தமிழில் ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறோம். கன்சோலில் (சுவிட்சோடு நேரடி வயரில் இணையும் கட்டளைத் திரை) வழக்கம்போல் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

எந்தப் பதிப்புக்குப் போவது

"நன்றாகத்தானே ஓடுகிறது, ஏன் தொட வேண்டும்" என்ற கேள்வி எல்லா மேலாளரிடமிருந்தும் வரும். 2023 அக்டோபரில் வெளிவந்த சிவிஇ-2023-20198 என்ற பாதுகாப்பு ஓட்டை அதற்குப் பதில். இந்தச் சுவிட்சுகளின் இயங்குதளமான ஐஓஎஸ் எக்ஸ்இ-யின் வலைப்பக்க இடைமுகம் இணையத்துக்குத் திறந்திருந்த சாதனங்களில், கடவுச்சொல் எதுவும் இல்லாமலே வெளியாள் முழு அதிகாரமுள்ள கணக்கை உருவாக்கிக்கொள்ள முடிந்தது. தீவிர மதிப்பெண் பத்துக்குப் பத்து. அந்த இடைமுகம் தேவையில்லாத இடத்தில் 'நோ ஐபி எச்டிடிபி சர்வர்', 'நோ ஐபி எச்டிடிபி செக்யூர்-சர்வர்' இரண்டையும் இன்றே போட்டுவிடுங்கள். அதற்காக மேம்படுத்தல் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது புதியதே நல்லது என்று எண்ணக் கூடாது. 17.3, 17.6, 17.9, 17.12, 17.15 என்று மூன்று மூன்றாகத் தாண்டி வருபவைதான் நீண்டகால ஆதரவுள்ள வரிசைகள். இடையில் வருபவை புது வசதி வேண்டுவோருக்கானவை, அவற்றின் ஆயுளும் குறைவு. நீண்டகால வரிசை ஒன்றைப் பிடித்து, அதில் நாலாவது ஐந்தாவது திருத்தம் வந்த பிறகு ஏறுவதே எங்கள் வழக்கம். பதிவிறக்கப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டுப் பரிந்துரைக்கும் பதிப்பு இருந்தால் அதிலிருந்து விலகத் தகுந்த காரணம் வேண்டும்.

கோப்பின் பெயரையும் பாருங்கள். 9300, 9400, 9500 மூன்றுக்கும் 'கேட்9கே' என்று தொடங்கும் ஒரே கோப்பு. 9200-க்கு மட்டும் 'கேட்9கே லைட்'. மாற்றிப் போட்டால் சுவிட்ச் ஏற்காது, அதனால் ஆபத்து இல்லை. ஆனால் அன்றைய இரவு வீணாகும்.

வெளியீட்டுக் குறிப்பை முழுக்கப் படிக்க நேரமில்லாதவர்கள் மூன்று இடங்களையாவது பார்த்துவிட வேண்டும். முதலாவது, உங்கள் பதிப்பிலிருந்து நேரடியாகத் தாவலாமா, இடையில் ஒரு படி ஏற வேண்டுமா என்பது. இரண்டாவது உரிமம்: 17.3.2 முதல் ஸ்மார்ட் லைசென்சிங் முறையே மாறிவிட்டது. மூன்றாவதில்தான் பலர் கை சுட்டுக்கொள்கிறார்கள். புதிய பதிப்புகள் பழைய குறியாக்க முறைகளையும் சிறிய ஆர்எஸ்ஏ சாவிகளையும் ஏற்க மறுக்கின்றன. என்றோ 1024 பிட்டில் உருவாக்கிய சாவியோடு ஏறினால் சுவிட்ச் எழுந்துவிடும், பிங் கிடைக்கும், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து நுழையும் வழி) மட்டும் உள்ளே விடாது. 'ஷோ கிரிப்டோ கீ மைபப்கீ ஆர்எஸ்ஏ' போட்டுப் பாருங்கள். 2048-க்குக் கீழே இருந்தால் முன்கூட்டியே புதிய சாவி உருவாக்கி, அதைக் கொண்டு உள்ளே நுழைய முடிகிறதா என்றும் சோதித்துவிடுங்கள்.

நாள் குறிப்பது

தென்னாப்பிரிக்காவில் இந்த வேலைக்கு நாள் குறிக்க மின்சார அட்டவணையே பஞ்சாங்கம். 2022, 2023-இல் ஆறாம் கட்ட லோட் ஷெடிங் (முறை வைத்த மின்வெட்டு) வரை பார்த்துவிட்டோம். அது ஓய்ந்த பிறகும் அதன் வடு யூபிஎஸ் பேட்டரிகளில் இருக்கிறது. யூபிஎஸ்ஸின் லெட்-ஆசிட் பேட்டரி எப்போதாவது ஒருமுறை வடிவதற்காகச் செய்தது. ஒரே நாளில் இரண்டு மூன்று முறை வடிந்து நிறைந்த பேட்டரி, பச்சை விளக்கு எரிந்தாலும் உள்ளே பாதி செத்திருக்கும்.

ஒரு கணக்கு பார்க்கலாம். 48 போர்ட் சுவிட்ச் ஒன்று. அதன் வயர் வழியே (போஇ) மின்சாரம் எடுக்கும் 30 ஐபி போன்கள், ஒவ்வொன்றும் 5 வாட் என்றால் 150. எட்டு வைஃபை ஆக்சஸ் பாயிண்ட், 15 வாட் வீதம் 120. சுவிட்ச் தனக்கென்று 120 வாட் எடுத்துக்கொள்கிறது என்று வைத்தால் மொத்தம் 390 வாட். யூபிஎஸ் பெட்டியின் அட்டையில் எழுதியிருக்கும் நிமிடக் கணக்கை இந்தச் சுமையோடு ஒப்பிடாதீர்கள். முந்தைய வாரம், அலுவலகம் முடிந்த பிறகு, யூபிஎஸ்ஸைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கடிகாரத்தைப் பாருங்கள். இருபது நிமிடம் தாங்காவிட்டால் பேட்டரி மாற்றும் வரை மேம்படுத்தலைத் தள்ளி வையுங்கள்.

ஏன் இருபது? சில பதிப்புத் தாவல்களில் பூட்லோடரும் (சுவிட்சை எழுப்பும் நிரல்) போஇ மைக்ரோகோடும் (மின்சாரம் தரும் பகுதியின் உள்நிரல்) சேர்ந்தே புதுப்பிக்கப்படும். அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் சேதப்படுவது கோப்பல்ல. சுவிட்ச் எழுவதற்கான அடிப்படைக் குறியீடே. அப்போது யூஎஸ்பியும் கன்சோலும் உதவாமல் போகலாம், பெட்டியையே மாற்ற வேண்டி வரலாம். இரண்டு பவர் சப்ளை இருக்கிறதே என்று தைரியமாக இருப்பவர்கள் கேபினெட்டின் பின்பக்கம் குனிந்து ஒருமுறை பார்க்கட்டும். இரண்டு வயரும் ஒரே பிளக் பட்டையில் செருகியிருப்பது இங்கே சர்வசாதாரணம்.

அன்றைய தினம் மின்வெட்டு நேரம் காட்டும் எஸ்கம் சே புஷ் செயலியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மின்சாரம் போய் இப்போதுதான் வந்தது என்றால் கால் மணி நேரம் பொறுங்கள். வந்த கையோடு மின்னழுத்தம் தடுமாறி, மறுபடி டிரிப் ஆவது உண்டு.

நாட்காட்டியில் வேறு தடைகளும் உண்டு. கறுப்பு வெள்ளி தொடங்கிப் புத்தாண்டு கழியும் வரை கடைகளும் வங்கிகளும் எந்த மாற்றத்துக்கும் கையெழுத்துப் போட மாட்டார்கள். சம்பளத் தேதியான 25-ஐ ஒட்டிய நாட்களும் ஆகாது. தைப்பூசக் காவடி வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள்: சர்வர் அறைச் சாவி வைத்திருப்பவர் மவுண்ட் எட்ஜ்கோம்பில் காவடி எடுத்துக்கொண்டிருப்பார், கைப்பேசி காரில் கிடக்கும்.

சுவிட்சோடு சேர்ந்து எவையெல்லாம் விழும் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். கணினியும் போனும் எல்லோருக்கும் நினைவிருக்கும். மறப்பவை வேறு. அலாரம் பேனல் அந்தச் சுவிட்ச் வழியாகவே கண்காணிப்பு நிலையத்தோடு பேசுகிறது என்றால், ரீலோட் (மறுதொடக்கம்) ஆன சில நிமிடங்களில் ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ் (ஆயுதக் காவலர்) வண்டி வாசலில் வந்து நிற்கும். முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். ஸ்பீட்பாயிண்ட் (வங்கி அட்டையில் பணம் வாங்கும்) இயந்திரங்கள் வயரில் ஓடுகின்றனவா, சிம்மிலா என்று கேளுங்கள். கதவின் காந்தப் பூட்டு போஇ கன்ட்ரோலரில் ஓடுகிறதென்றால், ரீலோட் நேரத்தில் அந்தக் கதவு பூட்டியே இருக்குமா, திறந்துகொள்ளுமா என்று தெரிந்துகொண்டு சரியான பக்கத்தில் நில்லுங்கள்.

கோப்பைக் கொண்டு சேர்ப்பது

இது பகலிலேயே, ஓரிரு நாள் முன்பே முடிய வேண்டிய வேலை. இரவு ஒன்பது மணிக்குக் கோப்பை நகலெடுக்கத் தொடங்குபவர் விடியும் வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கோப்பு சர்வர் ஜோஹன்னஸ்பர்க்கில், சுவிட்ச் டர்பனில் என்று வைத்துக்கொள்ளுங்கள். போய்வரும் நேரம் 10 மில்லிவினாடி, கோப்பு 1.2 ஜிபி. டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் முறை ஒரு துண்டை அனுப்பி, அதற்கு ஒப்புதல் வந்த பிறகே அடுத்த துண்டை அனுப்பும். இயல்பான துண்டு 512 பைட். அப்படியானால் சுமார் 23 லட்சத்து 40 ஆயிரம் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் 10 மில்லிவினாடி: ஆறரை மணி நேரம். வலையமைப்பு 100 எம்பிபிஎஸ்ஸாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. 'ஐபி டிஎஃப்டிபி பிளாக்சைஸ் 8192' என்ற ஒரு வரி போட்டால் அதே வேலை 25 நிமிடம் அளவுக்கு இறங்கும். எச்டிடிபி சர்வர் வைத்து இழுத்தால் இன்னும் வேகம். எஸ்சிபி (எஸ்எஸ்எச் வழியாக நகலெடுப்பது) பாதுகாப்பானது, ஆனால் மெதுவானது. புதிய பதிப்புகளில் 'ஐபி எஸ்எஸ்எச் பல்க்-மோட்' அதைக் கொஞ்சம் விரட்டும். கிளையில் பல சுவிட்சுகள் இருந்தால் ஒன்றுக்கு மட்டும் தூரத்திலிருந்து இழுத்துவிட்டு, மற்றவற்றுக்கு உள்ளூர் மடிக்கணினியிலிருந்து கொடுங்கள்.

சுவிட்சின் பின்புற நிர்வாக போர்ட் வழியாக இழுப்பவர்கள் முதல் முயற்சியில் 'டைம்டு அவுட்' பார்ப்பார்கள். பிங் போகிறது, கோப்பு மட்டும் வரவில்லை. அந்த போர்ட் தனி விஆர்எஃப்பில் (பிரிந்து நிற்கும் ரூட்டிங் அட்டவணை) இருப்பதே காரணம். 'ஐபி டிஎஃப்டிபி சோர்ஸ்-இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட் 0/0' என்று சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும். எச்டிடிபிக்கும் இதேபோல் ஒரு வரி உண்டு.

இடம் செய்துகொள்ளும் வரிசையில் ஒரு பள்ளம் இருக்கிறது. 'இன்ஸ்டால் ரிமூவ் இன்ஆக்டிவ்' கட்டளை பழைய பொதிகளைத் துடைத்து ஃபிளாஷில் (சுவிட்சின் சேமிப்பகம்) இடம் தரும். ஆனால் பயன்பாட்டில் இல்லாத எல்லாக் கோப்பையும் அது அழிக்கும். இப்போதுதான் நகலெடுத்து வைத்த புதிய கோப்பும் அதில் அடக்கம். ஆகவே முதலில் துடைப்பது, பிறகு நகலெடுப்பது. கோப்பு அளவைப் போல் இரண்டரை மடங்கு இடம் காலியாக இருக்க வேண்டும், ஏனென்றால் அது ஃபிளாஷிலேயே விரித்து வைக்கப்படும். பல சுவிட்சுகளை ஒன்றாக இயங்கும் ஸ்டாக்காக அடுக்கியிருந்தால் ஒவ்வொரு உறுப்பினரின் ஃபிளாஷையும் 'டிர் ஃபிளாஷ்-2:', 'டிர் ஃபிளாஷ்-3:' என்று தனித்தனியாகப் பாருங்கள். மூன்றாம் சுவிட்சில் யாரோ விட்டுப்போன கிராஷ் கோப்புகள் குவிந்து கிடக்கும்.

நகலெடுத்ததும் 'வெரிஃபை /எம்டி5 ஃபிளாஷ்:' என்று கோப்புப் பெயரோடு போட்டு, வரும் சரிபார்ப்பு எண்ணைப் பதிவிறக்கப் பக்கத்து எண்ணோடு ஒப்பிடுங்கள். முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் ஒத்தால் போதும் என்று விடாதீர்கள். இரண்டையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டினால் கண்ணே சொல்லிவிடும்.

முன் நிலவரத்தைப் பதிவது

சுவிட்ச் எழுந்த பிறகு "இந்த போர்ட் முன்னாலேயே செத்திருந்ததா?" என்ற கேள்வி நிச்சயம் வரும். முன்னால் எடுத்த பதிவு இல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அமைப்பைச் சேமித்து வெளியே ஒரு நகல் எடுத்த பின், ஷோ வெர்ஷன், ஷோ சுவிட்ச், ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ், ஷோ சிடிபி நெய்பர்ஸ், ஷோ ஈதர்சேனல் சம்மரி, ஷோ ஸ்பானிங்-ட்ரீ ரூட், ஷோ பவர் இன்லைன், ஷோ மேக் அட்ரஸ்-டேபிள் கவுண்ட், ஷோ என்விரான்மென்ட் ஆல் ஆகியவற்றின் வெளியீட்டை ஒரு கோப்பில் பிடித்து வையுங்கள்.

'ஷோ பூட்' தனியாகக் கவனிக்க வேண்டியது. பூட் மாறி (எந்தக் கோப்பிலிருந்து எழ வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) 'ஃபிளாஷ்:பேக்கேஜஸ்.கான்ஃப்' என்று காட்ட வேண்டும், மேனுவல் பூட் 'நோ' என்று இருக்க வேண்டும். பூட் மாறியில் ஒரு '.பின்' கோப்பின் பெயர் நேரடியாக இருந்தால் சுவிட்ச் பண்டில் முறையில் (விரிக்காத ஒற்றைக் கோப்பிலிருந்து) ஓடுகிறது. 'பூட் சிஸ்டம் ஃபிளாஷ்:பேக்கேஜஸ்.கான்ஃப்', 'நோ பூட் மேனுவல்' போட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள். அதன் பின் வரும் இன்ஸ்டால் கட்டளை அதை (விரித்த பொதிகளிலிருந்து ஓடும்) இன்ஸ்டால் முறைக்கு மாற்றிவிடும். மேம்படுத்தலுக்குப் பின் எழாத சுவிட்சுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு மாறியால் விழுந்தவை.

அந்த இரவு

கன்சோல் வயர் மாட்டாமல் தொடங்க வேண்டாம். 9600 பாட், எட்டு டேட்டா பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். எஸ்எஸ்எச் வழியாகப் பார்த்தால் ரீலோட் தொடங்கியதும் திரை உறைந்துவிடும், உள்ளே நடப்பது தெரியாது. தொலைவிலிருந்து செய்பவர்கள் சிம் போட்ட எல்டிஇ ரூட்டர் ஒன்றைக் கன்சோல் சர்வரோடு இணைத்து வைக்கலாம். அந்த ரூட்டர் இதே சுவிட்சிலிருந்து போஇ மின்சாரம் எடுக்கக் கூடாது என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பல சுவிட்சுகள் சங்கிலியாக இருந்தால் தூரத்தில் இருப்பதை முதலில், மையத்தில் இருக்கும் கோர் சுவிட்சைக் கடைசியில் தொடுங்கள். அருகில் இருப்பது முதலில் விழுந்து எழாவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள எதையும் தொட முடியாது.

இப்போது கட்டளை. ஒரே வரியில் 'இன்ஸ்டால் ஆட் ஃபைல் ஃபிளாஷ்:' கோப்புப் பெயர் 'ஆக்டிவேட் கமிட்' என்று போடலாம். அலுவலகத்தில் நேரில் நிற்கும்போது இது போதும். தொலைவில் இருக்கும்போது மூன்றாகப் பிரித்துப் போடுவதே நல்லது.

முதலில் 'இன்ஸ்டால் ஆட் ஃபைல்'. கோப்பு விரியும், எல்லா உறுப்பினருக்கும் போகும். சேவை எதுவும் தடைப்படாது, பகலிலேயே செய்யலாம். 'ஷோ இன்ஸ்டால் சம்மரி' போட்டால் புதிய பதிப்பு 'ஐ' என்ற எழுத்தோடு நிற்கும்: இருக்கிறது, இயங்கவில்லை.

அடுத்து 'இன்ஸ்டால் ஆக்டிவேட்'. அமைப்பைச் சேமிக்காமல் இருந்தால் கேட்கும், பிறகு ரீலோட் ஆகலாம் என்று எச்சரிக்கும். சம்மதித்ததும் சுவிட்ச் விழும். தனிச் சுவிட்ச் எழ பத்து நிமிடம் என்று மனத்தில் வையுங்கள். ஸ்டாக் என்றாலும், மைக்ரோகோடு மாறுகிறது என்றாலும் இருபதைத் தொடும். கன்சோலில் நாலைந்து நிமிடம் ஒரு வரிகூட வராமல் இருக்கும். அப்போது வயரைப் பிடுங்கிப் போடத் துடிக்கும் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுந்ததும் பதிப்பு 'யு' என்று நிற்கும்: இயங்குகிறது, உறுதியாகவில்லை. இங்கிருந்து 120 நிமிடக் கெடு ஓடத் தொடங்குகிறது. அதற்குள் 'இன்ஸ்டால் கமிட்' போடாவிட்டால் சுவிட்ச் தானாக மறுபடி ரீலோட் ஆகிப் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடும். தொலைவில் இருப்பவருக்கு இது வரம். எஸ்எஸ்எச் மறுத்தாலும், ரூட்டிங் குழம்பினாலும், இரண்டு மணி நேரம் காத்திருந்தால் பழைய நிலை வந்துவிடும். கமிட் போட மறந்தவருக்கோ சாபம்: எல்லாம் சரி என்று வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு மொத்தக் கிளையும் மறுபடி விழும். சோதித்து முடித்ததும் கமிட் போட்டு, எழுத்து 'சி' ஆனதைக் கண்ணால் பார்த்த பிறகு மடிக்கணினியை மூடுங்கள்.

எழாவிட்டால்

கன்சோலில் 'சுவிட்ச்:' என்று மட்டும் ஒரு வரி துடித்துக்கொண்டிருந்தால் அது ராம்மான் (இயங்குதளம் எழாதபோது நிற்கும் அடிப்படை நிரல்). பதற வேண்டாம், பெட்டி உயிரோடு இருக்கிறது. 'டிர் ஃபிளாஷ்:' போட்டுப் பேக்கேஜஸ்.கான்ஃப் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 'பூட் ஃபிளாஷ்:பேக்கேஜஸ்.கான்ஃப்'. இல்லையென்றால், முன்கூட்டியே எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்து, பழைய கோப்பையும் புதிய கோப்பையும் போட்டு வைத்த யூஎஸ்பியைச் செருகி, 'பூட் யூஎஸ்பிஃபிளாஷ்0:' என்று கோப்புப் பெயரோடு கொடுங்கள். எழுந்ததும் பண்டில் முறையில் இருக்கும். அங்கிருந்து இன்ஸ்டால் கட்டளையை மறுபடி போட வேண்டும். 32 ஜிபிக்கு மேற்பட்ட யூஎஸ்பிகள் கடையிலிருந்து வரும்போதே வேறு ஃபார்மட்டில் வரும், ராம்மான் அவற்றைப் படிக்காது. இதை நள்ளிரவில் கண்டுபிடிப்பதைவிட மதியமே கண்டுபிடிப்பது நல்லது.

ஸ்டாக்கில் ஒரு உறுப்பினர் மட்டும் 'வி-மிஸ்மேட்ச்' என்று நின்றால் அதற்குப் புதிய பதிப்பு போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் ஃபிளாஷில் இடமில்லாததே காரணம். துடைத்துவிட்டு ஆக்டிவ் சுவிட்சிலிருந்து 'இன்ஸ்டால் ஆட்டோஅப்கிரேட்' போடுங்கள்.

எழுந்த பிறகு

முன்னால் எடுத்த பதிவோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். மேக் முகவரி எண்ணிக்கை உடனே ஒத்துப்போகாது, பத்து நிமிடம் கொடுங்கள். போன்களும் ஆக்சஸ் பாயிண்டுகளும் ஒரே நேரத்தில் எழுந்து டிஹெச்சிபி வழியாக ஐபி முகவரி கேட்கும். டாட்1எக்ஸ் (இணையும் சாதனத்தின் அடையாளச் சோதனை) இருந்தால் அந்தச் சோதனைக்குப் பதில் சொல்லும் ரேடியஸ் சர்வரும் அந்த நெரிசலில் திணறும்.

எல்லா விளக்கும் பச்சை, ஆனால் இரண்டு மூன்று இயந்திரங்கள் மட்டும் வலையமைப்பில் இல்லை. இந்தக் குறைக்கு அடிக்கடி இருக்கும் காரணம் டிஹெச்சிபி ஸ்னூப்பிங். எந்த முகவரி எந்த போர்ட்டில் என்ற பட்டியலைச் சுவிட்ச் நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தால் ரீலோடில் அது போய்விடும். நேரடியாக மாட்டிய கணினி லிங்க் விழுந்ததைக் கண்டு மறுபடி முகவரி கேட்கும், பட்டியலில் ஏறிவிடும். சின்ன ஹப்புக்குப் பின்னால் இருக்கும் பிரிண்டருக்கு எதுவும் விழுந்ததே தெரியாது. அது பழைய முகவரியோடே பேசும். அந்த முகவரி பட்டியலில் இல்லை என்பதால் ஏஆர்பி சோதனை, ஐபி சோர்ஸ் கார்டு என்ற பாதுகாப்புகள் அதைத் தடுக்கும். 'ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் டேட்டாபேஸ்' வரியில் ஒரு கோப்பைக் குறித்து முன்பே சேமிக்கச் சொல்லியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

வேறு சுவிட்சுகள்

சிஸ்கோவின் பழைய 2960-எக்ஸில் இன்ஸ்டால் கட்டளை கிடையாது. டார் கோப்போடு 'ஆர்கைவ் டவுன்லோட்-எஸ்டபிள்யூ'. 'ஓவர்ரைட்' சேர்த்தால் பழையது போய்விடும் என்பதால், இடமிருந்தால் 'லீவ்-ஓல்ட்-எஸ்டபிள்யூ' சேருங்கள். அருபா சிஎக்ஸ் இதில் நிம்மதி: பிரைமரி, செகண்டரி என்று இரண்டு அறை. ஓடாத அறையில் புதியதைப் போட்டு 'பூட் சிஸ்டம்' என்று அதைச் சுட்டினால் போதும், பழையது அப்படியே இருக்கும். ஜூனிப்பரின் இஎக்ஸ்2300-இல் இடப் பற்றாக்குறைதான் தலைவலி. 'ரிக்வெஸ்ட் சிஸ்டம் ஸ்டோரேஜ் கிளீனப்' போட்ட பிறகும் சில சமயம் போதாது, பழைய ஸ்னாப்ஷாட்டை அழிக்க வேண்டி வரும்.

பழைய பொதிகளை அன்றிரவே துடைக்க வேண்டாம். ஒரு வாரம், முடிந்தால் மாதக் கடைசிச் சம்பள ஓட்டம் ஒன்று கடந்த பிறகு 'இன்ஸ்டால் ரிமூவ் இன்ஆக்டிவ்' போடுங்கள். அதுவரை பழைய பதிப்புக்குத் திரும்பும் 'இன்ஸ்டால் ரோல்பேக்' வழி திறந்திருக்கும்.

இன்னொன்று ஸ்டோர் ரூமில், பெட்டிக்குள், பழைய பதிப்போடு தூங்கும் உதிரிச் சுவிட்ச். அதையும் வெளியே எடுத்து, இதே பதிப்புக்கு ஏற்றி, மேலே தேதியும் பதிப்பு எண்ணும் எழுதி ஒட்டி வையுங்கள். ஸ்டாக்கில் ஒன்று இடியில் போன இரவில் அதை மாட்டும்போது 'வி-மிஸ்மேட்ச்' வராது.